ஆபீசர் வந்த தரிசு

நம்பினால் நம்புங்கள், இதை எனக்குச் சொன்னது ஓர் ஓணான்.

முள்ளுப்புதர் மண்டிய ஒரு தரிசில் கவுதாரி ஏழு முட்டை இட்டு, அன்றுதான் அடையில் உட்கார்ந்திருந்தது. புதரை வெட்டாமல் கவுதாரிகளுக்கே விட்டுவைத்தால், நிலத்துக்காரருக்கு வருஷா வருஷம் அரசாங்கம் பணம் தரும் என்று சட்டம் வந்திருந்த நேரம்.

"இனிமே நான் அரசாங்கத்து ஆள்டா தம்பி. பாத்துப் பேசு" என்றது கவுதாரி.

"சரிங்கக்கா, வேணும்னா எந்திரிச்சு நின்னே பேசறேன்" என்றது வேலியிலிருந்த ஓணான்.

மறுநாள் ஆபீசர் பார்வையிட வருவதாகச் சேதி வந்தது. நிலத்துக்காரர் பதறிப்போனார். "பெரிய மனுஷர் கால் வைக்கிற இடமாய்யா இது? ஒரே முள்ளாக் கிடக்கு!" என்று ஜேசிபியைக் கொண்டுவந்து இறக்கினார். கவுதாரி கத்திக்கொண்டே பறந்தது. மத்தியானத்துக்குள் ஒரு புதர் மிச்சமில்லை. தரையைச் சமப்படுத்தி, தண்ணீர் தெளித்து, ஓரமெல்லாம் பிளீச்சிங் பவுடரால் கோடு இழுத்து, நடுவில் பந்தலும் போட்டார்கள்.

ஆபீசர் வந்தார். சுற்றிலும் பார்த்தார். "பராமரிப்பு பிரமாதம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

கவுதாரி மூச்சிரைக்க வேலியில் வந்து விழுந்தது. "என் முட்டை எங்கேடா தம்பி? நீ இங்கேதானே இருந்தே?"

ஓணான் பந்தலையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தது. கவுதாரியும் திரும்பிப் பார்த்தது.

அங்கே நிலத்துக்காரர் தட்டை நீட்டிக்கொண்டிருந்தார்.

"நம்ம தரிசுலயே கிடைச்சதுங்கய்யா. அவிச்சு மிளகு தூவியிருக்கு. இன்னும் ஒண்ணுதான், மிச்சம் வைக்காதீங்க."