மாறிக்கொண்டிருந்த படம்

வீட்டுக் கணினிக்காக இலவச பேக்கப் மென்பொருள் ஒன்றைத் தணிகாசலம் சோதித்துப் பார்த்தார். முந்தைய நாளுக்குப் பிறகு மாறிய கோப்புகளை மட்டும் அது நகலெடுக்கும். யாரும் கணினியைத் தொடாத நாட்களிலும் ஒரே ஒரு படத்தை நகலெடுத்துக்கொண்டே இருந்தது. கடல் கொண்டுபோன மகன் பரிதி, தண்ணீரில் இறங்கும் முன் முதுகு காட்டி நிற்கும் கடைசிப் படம். ஓசிக்குக் கிடைத்ததற்கு இவ்வளவுதான் புத்தி என்று திட்டிவிட்டு வேறொன்றைப் போட்டார். அதுவும் அதையே நகலெடுத்தது. முதல் நகலையும் இன்றைய நகலையும் அருகருகே திறந்தார். இன்றையதில் பரிதியின் காது தெரிந்தது, கன்னத்தின் ஓரமும்.

"பழசையே திரும்பப் போட்டுடறேன்" என்றார்.

மனைவி ரேணுகா மவுஸைப் பிடுங்கிக்கொண்டாள்.

"சும்மா இருங்க. புள்ள இன்னும் கொஞ்சம் திரும்பட்டும்."