பிடிபடாத லேப்டாப்

"மூணு நாளா ஒரு பட்டனை அமுக்க முடியலையாம். ஆள் இன்ஜினியரிங் படிச்சவர். நீ போய் அமுக்கிட்டு வா."

இப்படிச் சொல்லித்தான் மேனேஜர் ரத்தினவேல், ஆசீரை ஸ்ரீரங்கத்து ஆபீசிலிருந்து எடமலைப்பட்டி புதூருக்கு அனுப்பினார். கம்பெனியில் கம்ப்யூட்டர் சரிபார்க்கும் வேலைக்கு ஆசீர் சேர்ந்து மூணு மாசம். இன்னும் நிரந்தரமாகவில்லை.

"இதையும் முடிக்காம வந்தா, நீயும் வீட்டுலயே இருந்துக்க," என்று வாசல் வரை வந்து சொல்லிவிட்டுப் போனார்.

விஷயம் இதுதான். வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவர்கள் எல்லாரும் லேப்டாப்பில் புது விண்டோஸ் போட வேண்டும்; போடாத லேப்டாப்பில் கம்பெனி வேலை ஓடாது. ஆன் செய்ததும் திரையில் ஒரு படம் வரும். அது மறைவதற்குள் எஃப் 12 பட்டனை அமுக்கினால், எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும் பூட் மெனு வரும். அங்கே புது விண்டோஸ் உள்ள பென்டிரைவைக் காட்டிவிட்டால் முடிந்தது.

எல்லாரும் போட்டுவிட்டார்கள். எடமலைப்பட்டி புதூர் கிளமென்ட் மட்டும், "லேப்டாப் ரொம்ப வேகம் சார், அமுக்குறதுக்குள்ள தாண்டிப் போயிடுது," என்றே சொல்லிக்கொண்டிருந்தார். ஆபீசுக்கு எடுத்துவரச் சொன்னால், "பைக்ல வர்ற குலுக்கல்ல இன்னும் வேகமாயிட்டா என்ன சார் பண்றது?" என்று கேட்டாராம்.

வீட்டுக்குள் நுழைந்ததும் ஆசீருக்குத் தலை சுற்றியது.

சாப்பாட்டு மேஜை நடுவில் லேப்டாப். அதில் பிரின்டர், ரெண்டு செல்போன், குட்டி ஃபேன், கொசு பேட் என்று வயர் உள்ளதெல்லாம் சொருகிக் கிடந்தது.

"நான் ரயில்வேயில கார்டா இருந்தவன் தம்பி," என்றார் கிளமென்ட்டின் அப்பா சவரிராயன். முட்டி ஆபரேஷன் செய்த காலை ஸ்டூலில் நீட்டி, கையில் விசிலோடு உட்கார்ந்திருந்தார். "லோடு ஏத்தினா எந்த வண்டியும் மெதுவாத்தான் கிளம்பும்."

"மெதுவாச்சுங்களா அங்கிள்?"

"ஃபேன் ஓடுச்சு."

கிளமென்ட் ஏழு மாசக் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே வந்து நின்றார். "அப்பா விசில் ஊதுவார். ஊதினதும் நான் அமுக்கணும். அதான் ஏற்பாடு."

ஆசீர் ஆன் செய்தான். விசில் பறந்தது. குழந்தை வீல் என்றது. கிளமென்ட் குழந்தையைச் சமாதானம் பண்ணிவிட்டு பட்டனுக்கு வருவதற்குள், லேப்டாப் பாஸ்வேர்டு கேட்டுக்கொண்டு நின்றது.

"பாத்தீங்களா தம்பி இவன் கையை? இவன் கார்டா போயிருந்தா காலையில வந்த வண்டி இன்னும் ஜங்ஷன்லதான் நிக்கும்."

மறுபடி விசில். மறுபடி வீல். ஏழாவது தடவை கிளமென்ட் எஃப் 11-ஐ அமுக்கினார்.

இவரெல்லாம் எப்படிப் பாஸ் பண்ணினார் என்று ஆசீருக்கு எரிச்சலாக வந்தது.

"நகருங்கண்ணே. இதை ஓடிப் பிடிக்கவே வேணாம். ஷிஃப்ட்டை அமுக்கிக்கிட்டே ரீஸ்டார்ட் கொடுத்தா நீலமா ஒரு திரை வரும். அது எங்கேயும் ஓடாது. அதுலேருந்து நிதானமா பூட் மெனுவுக்குப் போயிக்கலாம்."

விரலை ஷிஃப்ட்டில் வைத்ததுதான் தாமதம், குழந்தை அவன் மடியில் வந்து உட்கார்ந்தது.

"கொஞ்சம் பிடிங்க தம்பி, அடுப்புல பால் இருக்கு," என்று கிளமென்ட் உள்ளே போய்விட்டார்.

குழந்தையை இடுக்கிக்கொண்டு ஆசீர் மறுபடி விரலை நீட்டினான்.

"அந்த ஷிஃப்ட் வேலை செய்யாது தம்பி," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"வலது பக்கம் ஒண்ணு இருக்கேண்ணே."

"அதுவும்தான்."

ஆசீர் எழுந்து சமையலறைக்குப் போனான். அடுப்பே எரியவில்லை.

"அண்ணே, உங்களுக்கு இது முன்னாடியே தெரியும்."

கிளமென்ட் கூடத்தை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "முத நாளே அந்த ஷிஃப்ட் வழியில பூட் மெனு வரைக்கும் போயிட்டுத் திரும்பிட்டேன். அஞ்சு நிமிஷம்கூட ஆகல."

"அப்புறம் ஏன்ணே இந்தக் கூத்து? என் வேலை போயிரும்ணே."

"என் வீட்டுக்காரி லிசி எட்டாவதோட நின்னவ. இப்பதான் பத்தாவது எழுதுறா, கே.கே. நகர்ல. லேப்டாப் சரியாயிட்டா நான் காலையிலேருந்து ஹெட்போனை மாட்டிக்கிட்டு கஸ்டமர்கிட்ட பேசணும். இவன் அழுதா யாரு தூக்குறது? அப்பாவால எழுந்திரிக்க முடியாது."

"லீவு கேட்டிருக்கலாமே."

"கேட்டேன். 'உங்க வீட்டம்மா பாஸ் பண்ணி என்ன கிழிக்கப் போறாங்க'ன்னார் ரத்தினவேல் சார்." கிளமென்ட் குழந்தையை வாங்கக் கையை நீட்டினார். "பரவால்ல, நீங்க போட்டுட்டுப் போங்க தம்பி. உங்க பொழப்பைக் கெடுக்கக் கூடாது. அவகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

குழந்தை ஆசீரின் சட்டைக் காலரைச் சப்பிக்கொண்டிருந்தது; விடவில்லை. அதற்குள் செல்போன் அடித்தது. ரத்தினவேல்.

"முடிஞ்சுதா?"

ஆசீர் போனைக் கையால் பொத்திக்கொண்டு, "பரீட்சை எப்பண்ணே முடியுது?" என்றான்.

"வெள்ளிக்கிழமை. மத்தியானம் ஒண்ணேகாலுக்கு."

"என்னப்பா, உன்னாலயும் முடியலையா?" போனில் குரல் உயர்ந்தது. "நான் என்ன சொல்லி அனுப்பினேன்?"

"ஞாபகம் இருக்கு சார். ஆனா இவர் மேல தப்பே இல்ல. இப்படி ஒரு வேகத்தை நான் பாத்ததே இல்ல," என்றான் ஆசீர். "வெள்ளிக்கிழமை ஒண்ணேகாலுக்கு மேலதான் சார் பிடிபடும்."