வாத்துக்குட்டி மார்க்

"அந்தப் பேரை மட்டும் விட்டுடுங்கம்மா. வேற எதை வேணும்னாலும் டிரேட்மார்க்காப் பதிவு பண்ணித் தரேன்."

வக்கீலம்மா கம்ப்யூட்டர் திரையைத் திருப்பிக் காட்டினாள். கழுத்தை நீட்டிக்கொண்டு ஒரு மஞ்சள் வாத்துக்குட்டி. வேறு ஊரில் யாரோ அந்தப் பெயரில், அந்தப் படத்தோடு பள்ளிக்கூடப் பைகள் விற்றுக்கொண்டிருந்தார்கள்.

எதிரே உட்கார்ந்திருந்த, பை தைத்து விற்கும் அம்மாள் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தாள். "இதேதான் வேணும்."

"இந்த வம்பு வரக் கூடாதுன்னுதானே முன்கூட்டியே தேடிப் பார்க்கறோம்? இந்தப் பேர்ல நீங்க இன்னும் ஒரு பைகூட விக்கலை. மாத்தினா என்ன நஷ்டம்? கிளின்னு வைங்க, மயில்னு வைங்க."

"வாத்துக்குட்டி."

"சரி, படத்தையாவது மாத்துவோம்."

"கழுத்துகூட இப்படியே இருக்கணும்."

வக்கீலம்மாவுக்குத் தலை சுற்றியது. காப்பியடிக்கிறவர்கள் ஒளித்து மறைத்துத்தான் செய்வார்கள். இந்த அம்மாளோ திருடப் போகிற வீட்டில் காலிங்பெல் அடிக்கிறாள்!

"அவங்கதான் இதைப் பதிவு பண்ணலையே, வக்கீலம்மா?"

"பண்ணலைதான். ஆனா ரொம்ப நாளா விக்கறாங்களே! உங்க மனு வெளியானதும் எதிர்ப்பாங்க. முதல்ல பயன்படுத்தினவங்க பக்கம்தான் நியாயம் போகும். கண்டிப்பா தோப்பீங்க."

"விசாரணைக்கு யார் வருவா? அவங்க வக்கீல் மட்டுமா?"

"முதலாளியே வந்து சாட்சி சொல்ல வேண்டியிருக்கும். வந்து உங்களை உண்டு இல்லைன்னு பண்ணிடுவார்."

"வரட்டும்."

வக்கீலம்மா கடைசி அஸ்திரத்தை எடுத்தாள். "நானே போன் போட்டு அவர்கிட்ட பக்குவமா பேசறேன். சம்மதம்னு எழுதிக் கொடுத்துட்டார்னா சண்டையே இல்லை."

"ஐயையோ, வேண்டாம்!" அந்த அம்மாள் முதல் முறையாகப் பதறினாள். "போனெல்லாம் போடாதீங்க. மனுவைப் போடுங்க. அதுவும் கடைப் பேர்ல. என் பேர் எங்கேயும் பெரிசா தெரிய வேண்டாம்."

ஊரான் உழைப்பின் மேல் இவ்வளவு ஆசையா? வக்கீலம்மாவுக்கு எரிச்சலாக வந்தது. இனி உங்கள் பாடு என்று சொல்லி மனுவைப் போட்டாள்.

நினைத்தபடியே எதிர்ப்பு வந்தது. விசாரணை நாளன்று டிரேட்மார்க் அலுவலகத்துக்கு அந்த அம்மாள் எல்லோருக்கும் முன்பே வந்து, கதவுக்கு நேர் எதிரே உட்கார்ந்துகொண்டாள். அதிகாரி வந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் கதவைத் தள்ளிக்கொண்டு எதிர்த்தரப்பு முதலாளி நுழைந்தார். கைநிறையப் பழைய பில்கள்.

"யார் சார் அது? ராப்பகலா உழைச்சு நான் வளர்த்த பேரை..."

பேச்சு பாதியில் நின்றது. எதிரே அந்த அம்மாளைப் பார்த்துவிட்டார்.

அந்த அம்மாள் எழுந்து அதிகாரியைக் கும்பிட்டாள். "ஐயா, என் மனுவை வாபஸ் வாங்கிக்கறேன்."

வக்கீலம்மா அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "என்னம்மா இது? அவ்வளவு அடம் பிடிச்சுட்டு, ஆளைப் பார்த்ததும் பயந்துட்டீங்களா?"

"பயமா? கோவிச்சுக்கிட்டுப் போனதுலேர்ந்து போனை எடுக்கலை, தேடிப் போனாலும் கதவைத் திறக்கலை" என்றாள் அந்த அம்மாள், முதலாளியின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "வாத்துக்குட்டி மேல கை வெச்சாதான் என் பிள்ளை நேர்ல வருவான்னு தெரியும்."