கம்மல் டப்பா

“மூளை செத்துடுச்சா, உயிர் இருக்கா? அத மட்டும் சொல்லுங்கண்ணே.”

கண்ணில் பூதக்கண்ணாடி மாட்டியிருந்தவர் நிமிரவில்லை. வெள்ளை விளக்கின் கீழே மெல்லிய இடுக்கியால் எதையோ நோகாமல் நிமிர்த்திக்கொண்டிருந்தார். நிறைமாத வயிற்றைக் கையால் தாங்கியபடி அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“ஒரு கால் மடங்கியிருந்துச்சு, நிமித்திட்டேன். பொழைக்கும்னுதான் தோணுது. ஆனா இந்தக் காலத்துல இதுக்கு ஏத்த மதர்போர்டு தேடறது, பல்லு போனவனுக்குப் பொண்ணு பாக்கற மாதிரி தங்கச்சி!”

கடைக்காரர் தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்துக்கொண்டு, பழைய பிராசஸரைப் பஞ்சின் மேல் திரும்ப வைத்தார். பஞ்சு, அவள் கொண்டுவந்த கம்மல் டப்பாவுக்குள் இருந்தது. கம்மல் ஆஸ்பத்திரிச் செலவோடு என்றோ போய்விட்டது.

காலையிலிருந்து அவள் ஏறாத பழைய சாமான் கடை இல்லை. எல்லாரும் டப்பாவைத் திறந்து பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினார்கள். உட்காரச் சொன்னவர் இவர் ஒருவர்தான்.

“நான் சொல்றதக் கேளு. கொஞ்சம் கூடப் போட்டா புது போர்டு, புது பிராசஸர், ஜோடியாவே தரேன். குதிரை மாதிரி ஓடும்.”

“குதிரை வேண்டாம்ணே. எனக்கு இதுதான் வேணும். அவர் குரல் இருக்கற கம்ப்யூட்டர்ணே இது.”

அவள் கணவன் விளம்பர வண்டியில் மைக் பிடித்துப் பேசுகிறவன். தொண்டையில் வந்த கட்டி, குரல்வளையையே விலையாகக் கேட்டது. அறுவைக்கு நாள் குறித்த பிறகு, பிறக்கப்போகும் பிள்ளைக்காகத் தினமும் அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பேசிப் பதிவு செய்தான். கதை, தாலாட்டு, பின்னால் தேவைப்படும் என்று நாலு திட்டு.

“அன்பார்ந்த மகளே, அல்லது மகனே!” என்று வீதியில் முழங்குகிற அதே குரலில் அவன் ஆரம்பித்தபோது, அவளுக்குச் சிரித்துச் சிரித்து வயிறு இழுத்துப் பிடித்துக்கொண்டது.

அறுவை முடிந்து கண் விழித்தவன் தன் காதைத் தொட்டான். பிறகு அவள் வயிற்றைக் காட்டினான். “எல்லாம் பத்திரமா இருக்கு” என்று அவள் தலையாட்டினாள். கம்ப்யூட்டர் முந்தின நாளே புகை கக்கி அணைந்துபோயிருந்ததை எந்த வாயால் சொல்வது?

வீட்டுக்கு வந்து பார்த்த மெக்கானிக்தான் வயிற்றில் பால் வார்த்தார். “போர்டு கருகிடுச்சு. மூளை தப்பிச்சிடுச்சு, இதப் பத்திரமா வைங்க. ஏத்த போர்டு கிடைச்சா உயிர் வந்துரும்” என்று பிராசஸரைக் கழற்றி அவள் உள்ளங்கையில் வைத்தார்.

நாளைக்கு அவன் வீட்டுக்கு வருகிறான். வந்ததும் முதலில் அதைத்தான் கேட்பான்.

“சரி சரி, கண்ணத் தொடை. இருக்கற செட்டிங் கலையக்கூடாதுன்னு பாக்கற, அவ்ளோதானே?” கடைக்காரர் பரண்மேல் ஏறி மூன்று போர்டுகளோடு தும்மிக்கொண்டே இறங்கினார்.

முதல் போர்டை விளக்கில் பிடித்துப் பார்த்து ஒதுக்கினார். “கெப்பாசிட்டரெல்லாம் வீங்கிக் கிடக்கு. இன்னிக்கு ஓடும், நாளைக்கு வெடிக்கும்.” இரண்டாவதில் பிராசஸர் கச்சிதமாக உட்கார்ந்தது, திரை மட்டும் விடியவில்லை. “சாக்கெட் ஒண்ணுதான். ஆனா இது இன்னும் பழசு. உன் ஆள இதுக்கு அடையாளம் தெரியல.”

மூன்றாவதைக் கையில் எடுத்தபோது அவள் குறுக்கிட்டாள். “அண்ணே, விலைய இப்பவே சொல்லிடுங்க.”

“நீ எவ்ளோ வச்சிருக்க?”

அவள் கைப்பையை மேசைமேல் கவிழ்த்தாள். பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த கைமாற்று, காலையில் கம்ப்யூட்டரின் வெறும் தகரக் கூட்டைப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டதில் வந்தது, பஸ்ஸுக்கு வைத்திருந்த சில்லறை. கடைக்காரர் சில்லறையை மட்டும் அவள் பக்கம் தள்ளிவிட்டு மீதியை எண்ணாமல் மேசைக்குள் போட்டார்.

“நடந்து போய் வழியில பெத்துக்காத. பஸ்ல போ.”

பிராசஸரைப் பொருத்தி, பசை தடவி, விசிறியை மாட்டினார். ஸ்விட்சைத் தட்டினார். ஒன்றும் நடக்கவில்லை. அவர் போர்டில் இருந்த ரேமை உருவி, அழி ரப்பரால் தேய்த்து மறுபடி சொருகினார். அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

‘பீப்.’

கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடின.

“பாத்தியா, கிழவன் எழுந்து பேர் சொல்லிட்டான்!”

அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். வயிற்றுக்குள் பிள்ளை ஓங்கி ஓர் உதை விட்டது. “அண்ணே, இங்கேயே ஒரே ஒரு வார்த்தை போட்டுக் காட்டுங்கண்ணே. இதுக்கும் கேக்கட்டும்.”

“அதுக்கென்ன, போட்டாப் போச்சு.” போர்டிலிருந்து தொங்கிய கேபிளை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறு கையை அவள் பக்கம் நீட்டினார்.

எதைக் கேட்கிறார் என்று தெரியாமல், அவள் காலிக் கம்மல் டப்பாவை அந்தக் கையில் வைத்தாள்.

கடைக்காரர் சிரித்துவிட்டார். “இதில்ல தங்கச்சி, ஹார்ட் டிஸ்க்கக் குடு. அந்தக் கூட்டுக்குள்ள திருகி வச்சிருப்பாங்களே... குரலெல்லாம் அதுலதானே இருக்கும்!”