ரோம் சார்

"பள்ளிக்கு ஆள் இல்லை. நீதான் வேண்டும். உடனே புறப்பட்டு வா."

லேமினேஷன் போட்ட அந்தப் பழைய தந்தியை நூற்றியோராவது முறையாகப் படித்துக் காட்டிவிட்டு மேசைமேல் வைத்தார் சவரிராயன். "ரோம்ல குருமடத்துல படிச்சிக்கினு இருந்தேன். பெரிய சாமி கூப்ட்டாரேன்னு எல்லாத்தையும் உதறிட்டு வந்தவன் நான்."

பெரிய சாமி என்றால், திண்டிவனம் பக்கத்து இந்தக் கத்தோலிக்கப் பங்கில் நாற்பது வருடம் இருந்து மறைந்த இத்தாலியச் சாமியார். சாமியாராகப் படிக்க அவர் ரோமுக்கு அனுப்பிய ஒரே பையன் சவரிராயன். வாத்தியார் வேலையிலிருந்து ரிட்டயரான பிறகும் ஊருக்கு அவர் 'ரோம் சார்'தான்.

எதிரே இப்போதைய பங்குச்சாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாவ்லோ, பெரிய சாமியின் தங்கை பேரன். குடும்பச் சரித்திரம் எழுதுகிறானாம். ரோமில் அதே குருமடத்தில் சமையல்காரியாக இருந்த அவன் பாட்டி, அண்ணனுக்கு எழுதிய கடிதங்கள் பங்கு பங்களாவின் ட்ரங்குப் பெட்டியில் கிடைத்திருந்தன. அவனுக்கே பிடிபடாத அவற்றைப் படித்துச் சொல்ல ரோம் சாரை விட்டால் வேறு யார்?

சவரிராயன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் கடிதத்தைப் பிரித்தார். ஒரு வரிகூட ஓடவில்லை. "கையெழுத்து சரியில்ல" என்றார்.

கையெழுத்தில் குறையில்லை, இது பாட்டியின் மலையூர்ப் பேச்சு, மிலானில் வளர்ந்த எனக்கே புரியாது என்றான் பாவ்லோ, ஆங்கிலத்தில். எழுத்துக்கூட்டிச் சத்தமாக மட்டும் வாசித்தான்.

டீ கொண்டுவந்த சமையல்கார அமலோற்பவமேரி சிரித்துவிட்டாள். "'அந்த ஊரு வெயில்ல மொட்டத் தலையோட சுத்தாத, தொப்பி போடு'ன்னு அண்ணன திட்றாங்க சாமி."

பங்குச்சாமியார் வாயைப் பிளந்தார். அவள் எட்டு வருடம் இத்தாலியில் அதே மலைப்பக்கம் ஒரு கிழவியைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தவள். "அந்தம்மாவுக்கு ஊர்ப்பேச்சு தவிர வேற வராதுங்க. எனக்குப் படிக்கத் தெரியாது, காதுல கேட்டாப் புரியும்."

அப்புறமென்ன, பாவ்லோ வாசிக்க, அவள் சொல்ல, சாமியார் அதை ஆங்கிலத்தில் நோட்டில் எழுதிக்கொண்டார். பாவ்லோ அவளுக்கு நாற்காலி இழுத்துப் போட்டான். சவரிராயன் பக்கம் யாரும் திரும்பவில்லை.

கரண்டி பிடிக்கிறவளுக்கு நாற்காலி, ரோமில் படித்தவனுக்கு ஆறிப்போன டீயா?

ஏழாவது கடிதத்தை பாவ்லோ வாசித்து முடித்தான். அமலோற்பவமேரியின் பார்வை மேசைமேல் இருந்த தந்தியில் ஒரு நிமிஷம் நின்று, பிறகு தரைக்கு இறங்கியது.

"இது மட்டும் புரியலீங்க சாமி."

இதற்குத்தான் காத்திருந்தவர்போல சவரிராயன் துள்ளி எழுந்தார். "பாத்தீங்களா! இத்தினி நேரம் வாய்க்கு வந்தத அள்ளிவுட்டுக்கினு இருந்திருக்கா. எழுதுனத எல்லாம் கிழிச்சிப் போடுங்க சாமி!" அதையே பாவ்லோவுக்கும் ஆங்கிலத்தில் சொன்னார்.

பாவ்லோவின் முகம் வாடிவிட்டது. சாமியார் தயங்கித் தயங்கி நோட்டை மூடினார்.

"மத்ததெல்லாம் சத்தியமா நெசங்க சாமி" என்றாள் அவள்.

"அப்ப இதையும் சொல்லு. புரியலன்னு ஏன் மழுப்புற?"

"உங்களாண்ட தனியா சொல்றேன், வெளிய வாங்க சார்."

நாக்கில் சனி உட்கார்ந்தால் யார் என்ன செய்ய முடியும்? "தனியா என்னா ரகசியம்? எல்லாரு முன்னாடியும் சொல்லு! இல்லன்னா பொய்க்காரின்னு ஒத்துக்க!"

மூடிய நோட்டை ஒருமுறை பார்த்தாள் அமலோற்பவமேரி. நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"'நீ அனுப்புன பையனுக்குப் படிப்பு ஏறல, தொரத்தப் போறாங்க, பாவம், மானம் போவாம ஒரு தந்தி குடுத்துக் கூப்ட்டுக்கோ'ன்னு எழுதியிருக்காங்க சார்."