டீலக்ஸ் திருட்டு

தண்டையார்பேட்டையில் டீலக்ஸ் திருடு போவது அந்த வாரத்தில் அது மூன்றாவது தடவை.

கார் போகவில்லை. காரின் மட்கார்டில் 'டீலக்ஸ்' என்று பளபளக்கும் உலோக எழுத்து மட்டும் போயிருந்தது. முதலில் உப்பு மண்டி தாமோதரன், அடுத்து படகு முதலாளி லட்சுமணன், இப்போது டோல்கேட் டாக்டர். மூவரிடமும் ஐம்பதாம் வருஷத்துச் செவர்லே. மூன்றிலும் எழுத்து இருந்த இடத்தில் இரண்டு சிறு ஓட்டைகள்.

ஏட்டு ராமதாஸுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. விரல் நீளத் தகட்டுக்கா இத்தனை அமர்க்களம்? தாமோதரன்தான் விளக்கினார். அந்த வண்டி அமெரிக்காவிலிருந்தே இரண்டு தரமாக வருகிறதாம். இரண்டுக்கும் என்ஜினும் ஒன்றுதான், உடம்பும் ஒன்றுதான். மட்டமான தரத்தில் மட்கார்டு மொட்டையாக இருக்கும். உசத்தியில் டீலக்ஸ் என்று எழுதியிருக்கும். தெருவில் போகிறவனுக்கு முதலாளியின் தகுதியைச் சொல்வது அந்த எழுத்துதானாம். இதையெல்லாம் அவர் ஸ்டேஷனுக்குள் வந்து சொல்லவில்லை. டீக்கடை வாசலில், பத்துப் பேர் காதில் விழும்படி சொன்னார்.

இன்ஸ்பெக்டருக்குச் சிரிப்பு வரவில்லை. சனிக்கிழமைக்குள் திருடன் வேண்டும், இல்லாவிட்டால் பழவேற்காட்டுக்கு மாற்றல் என்று சொல்லிவிட்டார். ராமதாஸின் மனைவி சுகிர்தத்துக்கு நிறைமாதம். இங்கே பிரசவ ஆஸ்பத்திரி கூப்பிடு தூரம். பழவேற்காட்டில் கூப்பிட்டால் படகு வரும்.

மீன்காரி கன்னியம்மாவிடம் துப்பு கிடைத்தது. புகாருக்கு முந்தின நாள், பட்டப்பகலில், தாமோதரன் வீட்டுக் கார் ஷெட்டுக்குள் தகரப் பட்டறை வேம்பு டிரில்லோடு போனதை அவள் பார்த்திருக்கிறாள். மற்ற இரண்டு வீட்டு வேலைக்காரர்களும் அதே ஆளைச் சொன்னார்கள். ரிப்பேர் என்று உள்ளே நுழைந்து எழுத்தைப் பெயர்த்திருக்கிறான். ராமதாஸுக்குத் தன் மூளை மேல் மரியாதை கூடியது.

பட்டறையைத் தலைகீழாகப் புரட்டினார். பழைய தகரமும் எலியும் தவிர எதுவும் அகப்படவில்லை. வேம்பு பீடியைப் பற்றவைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தான்.

"இன்னா ஏட்டய்யா, டீலக்ஸ திருடிகினு வந்து நான் எதுல மாட்டப் போறேன்? எங்கைல கீறது ஒத்த சைக்கிளு. அதுக்கும் மட்கார்டு கெடையாது."

"வித்திருப்பே."

"வித்திருந்தா இந்தப் பீடிய இஸ்துகினு குந்தினிருப்பனா?"

இந்த எகத்தாளமே அவனை உள்ளே தள்ளப் போதும் என்று ராமதாஸ் நினைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை காலை வேம்புவை ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வைத்து, அடையாளம் காட்ட மூன்று முதலாளிகளையும் வரவழைத்தார். ஆளுக்கு ஒரு சோடா வாங்கி வைத்தார். இன்ஸ்பெக்டரும் வந்து உட்கார்ந்தார்.

வேம்பு எழுந்து மூவருக்கும் பெரிதாக ஒரு கும்பிடு போட்டான்.

"வாங்க மொதலாளி. என்ன ஜெயில்ல போடப் போறாங்களாம். போறதுக்கு முன்னால எல்லாத்தையும் சொல்லிட்டுப் போவட்டா?"

தாமோதரனுக்கு வியர்த்தது. இவனைத் தான் பார்த்ததே இல்லை என்றார். எழுத்து வழியில் எங்கேயாவது விழுந்திருக்கும், புகார் வேண்டாம் என்றார். லட்சுமணன் அதற்குள் பாதிக் கையெழுத்துப் போட்டு வாபஸ் வாங்கியிருந்தார். டாக்டருக்குத் திடீரென்று ஒரு நோயாளி நினைவுக்கு வந்தார். ஐந்து நிமிஷத்தில் மூவரும் போய்விட்டார்கள். சோடா உடைக்காமலே இருந்தது.

புகார் இல்லையென்றால் வழக்கில்லை, வழக்கில்லையென்றால் மாற்றலும் இல்லை என்று சொல்லிவிட்டு இன்ஸ்பெக்டர் ஒரு சோடாவை எடுத்துக்கொண்டார்.

ராமதாஸுக்குப் போன உயிர் வந்தது. ஆனாலும் மண்டை குடைந்தது. வேம்புவை வாசல் வரை கொண்டுவிட்டு, அவன் தோளில் கை போட்டார்.

"இனிமே உன்னை நான் ஒண்ணும் பண்ண முடியாது. உண்மையச் சொல்லு. அந்த மூணு டீலக்ஸையும் எங்கடா வெச்சுக்கீற?"

வேம்பு அவரைப் பரிதாபமாகப் பார்த்தான்.

"அந்த மூணு வண்டியும் வாங்கும்போதே மொட்ட மட்கார்டு, ஏட்டய்யா. டீலக்ஸ் இருந்து திருடு போச்சுன்னு ஊரு நம்பணுமேன்னு, ரெண்டு ரெண்டு ஓட்ட போடத்தான் என்ன கூப்ட்டாங்க."