கல்லுக்கு ஒரு குல்லா

"அக்கா, துணியை விலக்காதீங்க, இப்பதான் கண் அசந்தான்" என்று கேதகி கெஞ்சி முடிப்பதற்குள், மந்தா தொட்டிலுக்குள் தலையை விட்டிருந்தாள்.

"நான் எங்கே எழுப்பறேன்? மூக்கு எங்கப்பா மூக்கா, உங்க வீட்டு மூக்கான்னு பார்க்கறேன்."

மூக்கின் சொந்தக்காரன் கண்ணைத் திறந்தான். அடுத்த நொடி கோலாப்பூர் முழுக்கக் கேட்கும்படி வீறிட்டான்.

சாரங் பல்லைக் கடித்துக்கொண்டான். சாயங்காலம் மகனுக்குப் பெயர் சூட்டு விழா. குழந்தையின் காதில் முதலில் பெயர் சொல்லும் உரிமை அத்தைக்கு. அந்த உரிமையோடு சாங்லியிலிருந்து வந்து இறங்கிய அவன் அக்கா, வந்த நாள் முதல் குழந்தையையும் தூங்கவிடவில்லை, பெற்றவளையும் தூங்கவிடவில்லை. அவள் போதாதென்று, பெற்றவளுக்குக் கொடுக்கும் கோந்து லட்டு டப்பாவோடு வருகிற சொந்தமெல்லாம் ஆளுக்கொரு தடவை துணியை விலக்கிப் பார்த்தது.

இன்று காலை பால் கொடுத்தபடியே கேதகி கண் சொருகிச் சரிந்துவிட்டாள். சாரங் பாய்ந்து பிடித்திருக்காவிட்டால் குழந்தை தரையில் விழுந்திருக்கும்.

"அவ கொஞ்சம் தூங்கட்டுமே அக்கா."

"நாங்கல்லாம் தூங்கித் தூங்கியா பிள்ளை வளர்த்தோம்?" மந்தா கண்ணாடியை மாட்டிக்கொண்டு தையலுக்குத் திரும்பினாள். அவள் மடியில், பட்டுத் துணி சுற்றிய அம்மிக் குழவி. விழாவில் குழந்தையோடு சேர்த்து அதையும் தொட்டிலுக்கு அடியில் கை மாற்றி வாங்குவார்கள். பிள்ளை கல்லு மாதிரி திடமாக இருக்கட்டும் என்று. தைத்து முடித்த குல்லாவைக் கல்லுக்கு மாட்டி, நாடாவை இழுத்து முடிச்சுப் போட்டாள்.

"பாரு, உன் பிள்ளையைவிட லட்சணமா இருக்கு. அழவும் மாட்டேங்குது."

விழாவில் பங்கு வைக்கும் கொண்டைக்கடலை வெந்ததா என்று பார்க்க அவள் சமையலறைக்குள் போனாள். சாரங் கல்லைப் பார்த்தான். பிறகு மனைவியைப் பார்த்தான்.

"கேதகி, எழுந்திரு. அவனைத் தூக்கிக்க. எதிர் வீட்டுப் பாட்டீல் டீச்சர் ஸ்கூலுக்குப் போயாச்சு, வீட்டுச் சாவி நம்மகிட்ட இருக்கு. அங்கே போய்ப் படு."

"பெயர் வைக்கிறவரைக்கும் நான் வாசல் தாண்டக் கூடாதாம். அக்காவுக்குத் தெரிஞ்சா என்னைக் கொன்னே போட்டுடுவாங்க."

"தெரிஞ்சாத்தானே?"

எதிர் வீட்டுக் கதவு ஓசையில்லாமல் மூடிக்கொண்டது. இந்த வீட்டுத் தொட்டிலில், கழுத்துவரை போர்த்திக்கொண்டு, கல் படுத்திருந்தது.

மந்தா முந்தானையில் கையைத் துடைத்தபடி வந்தாள். "எங்கே அவ?"

"தலைக்குக் குளிக்கப் போயிருக்கா. பையன் தூங்கறான். தொடாதே அக்கா, உனக்குப் புண்ணியமாப் போகும்."

தொடாதே என்றால் கேட்கிற ஜென்மமா? கை நேராகத் துணிக்குள் போய்க் குல்லாவைத் தடவியது. அந்தக் கை அங்கேயே கொஞ்சம் நின்றது.

"ம்... நல்ல தூக்கம்தான்."

கண்ணாடி அவள் மூக்கில் இல்லை. சமையலறையில் மறந்திருப்பாள். பிழைத்தோம் என்று அவன் மூச்சு விடுவதற்குள், மந்தா முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தொட்டில் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை.

ஒன்றுவிட்ட சித்தி ஷரயு வந்தாள். "ஒரே ஒரு தடவை முகத்தைப் பார்த்துட்டுப் போயிடறேன்டி."

"சாயங்காலம் பாரு. அதுக்குள்ள முகம் மாறிடாது."

சித்தி கையை நீட்டினாள். பட்டென்று அதில் ஓர் அடி விழுந்தது.

"ஊர்ல இல்லாத பிள்ளை! இதுக்கு மேல நானா வந்து பார்த்தா கேளு" என்று சித்தி லட்டு டப்பாவைத் திரும்ப எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். அவளுக்குப் பின்னால் வந்தவர்கள் வாசலோடு திரும்பினார்கள்.

திடீரென்று எதிர் வீட்டிலிருந்து மெல்லிய சிணுங்கல் கேட்டது.

"அந்த டீச்சரோட பூனைக்கு வேற வேலையே கிடையாது" என்ற மந்தா, கரகரத்த குரலில் தாலாட்டை உரக்க எடுத்துவிட்டாள். டீச்சரிடம் பூனை கிடையாது. சிணுங்கல் அடங்கும்வரை பாட்டும் அடங்கவில்லை.

வெயில் சாய்ந்தது. இவள் இப்படியே ஒட்டிக்கொண்டிருந்தால் குழந்தையை எப்படி உள்ளே கொண்டுவருவது, கல்லை எப்படி வெளியே எடுப்பது?

"அக்கா, கடலை தீயற வாசனை வருது."

"நீ போய் இறக்கு. கை இருக்குல்ல?"

"அக்கா, மாமா போன் பண்ணாரு. உடனே பேசணுமாம்."

"அவர் என்னிக்கு உடனே பேசியிருக்காரு? அப்புறம் பேசறேன்னு சொல்லு."

சாரங் பொறுமை இழந்து கயிற்றைப் பிடித்தான். "நான் ஆட்டறேன், விடு. போய்ப் புடவை மாத்து. ஜனங்க வந்துடுவாங்க."

மந்தா கயிற்றை விடவில்லை.

"வர்றதுக்கு நேரமிருக்கு. அதுக்குள்ள எதிர் வீட்டுக் கதவைத் தட்டி அவளை எழுப்பிடாதே."

கயிற்றிலிருந்து சாரங்கின் கை நழுவியது.

"நான் போட்ட முடிச்சு என் கைக்குத் தெரியாதா?" அவள் தொட்டிலை இன்னொரு ஆட்டு ஆட்டிவிட்டு, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். "நான் பெத்தப்போ எனக்காக ஒருத்தரும் தொட்டில்ல கல்லைப் படுக்க வைக்கலடா."